எலும்பு வயது

எலும்பு வயது என்பது ஒரு குழந்தையின் எலும்புகள் எந்த அளவுக்கு முதிர்ந்துள்ளன என்பதைக் காட்டும் அளவீடாகும். பொதுவாக இடது கை, மணிக்கட்டு ஆகியவற்றின் எக்ஸ்-கதிர் படத்தைக் கொண்டு இது கணிக்கப்படுகிறது. பிறந்த நாளைக் கொண்டு எண்ணப்படும் வயதும் எலும்பு வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

குருத்தெலும்பு எக்ஸ்-கதிர் படத்தில் தெரிவதில்லை. அதனால் பிறந்த குழந்தையின் மணிக்கட்டு, படத்தில் பெரும்பாலும் வெற்றிடமாகவே காணப்படும். அங்குள்ள எட்டு எலும்புகளும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. பூப்புப் பருவத்தை ஒட்டி, கட்டைவிரலின் அடிமூட்டருகே எள் போன்ற ஒரு சிற்றெலும்பு தோன்றும். பல் சீரமைப்பு மருத்துவர்கள் தாடை வளர்ச்சியின் வேகத்தை அறிய இதைக் கவனிப்பதுண்டு. விரலெலும்புகளிலும் முன்கை எலும்புகளின் முனைகளிலும் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இறுதியில் மூடிக்கொள்கின்றன. இம்மாற்றங்கள் பெண் குழந்தைகளிடம் முன்னதாகவே நிகழ்வதால் இரு பாலருக்கும் தனித்தனி அளவுகோல்கள் உள்ளன.

கிரூலிக், பைல் ஆகிய இருவரின் படத்தொகுப்பு (1950, இரண்டாம் பதிப்பு 1959) இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. குழந்தையின் படத்தை அதிலுள்ள மாதிரிப் படங்களுடன் ஒப்பிட்டு, மிக நெருங்கியதன் வயதைக் கொள்வர். டானர்–வைட்ஹவுஸ் முறையில் ஒவ்வோர் எலும்புக்கும் தனியே மதிப்பெண் வழங்கிக் கூட்டுவர். இதற்கு நேரம் கூடுதலாகும்.

எட்டு வயதுச் சிறுவன் குள்ளமாக இருந்து, எலும்பு வயது ஆறு எனத் தெரிந்தால், அவனுக்கு வளர இன்னும் காலம் மிச்சமிருக்கிறது எனலாம். ஆயினும் தைராய்டு குறைபாடும் எலும்பு வயதைப் பின்தள்ளும் என்பதால் காரணத்தை ஆராய வேண்டும். முன்கூட்டியே பூப்பெய்தும் குழந்தையின் நிலை இதற்கு நேர்மாறானது: இப்போது ஒத்த வயதினரைவிட உயரமாகத் தோன்றினாலும், வளர்ச்சித் தட்டுகள் விரைவில் மூடுவதால் இறுதியில் உயரம் குறையக்கூடும்.

பிறப்புச் சான்று இல்லாதவரின் வயதை அறியவும் இம்முறை கையாளப்படுகிறது. இது சிக்கலான பயன்பாடு. கிரூலிக்–பைல் மாதிரிகள் 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வாழ்ந்த வசதியான வெள்ளையினக் குழந்தைகளிடமிருந்து பெறப்பட்டவை. மேலும், நலமுள்ள ஒரே வயதுக் குழந்தைகளுக்கிடையிலேயே எலும்பு வயது ஓரிரு ஆண்டுகள் வேறுபடலாம். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பள்ளிச் சான்றோ உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றோ கிடைக்காதபோது மட்டுமே எலும்புப் பரிசோதனையை நாடச் சொல்கிறது. பதினேழா பதினெட்டா என்பதை ஒரு மணிக்கட்டுப் படத்தால் உறுதிசெய்ய இயலாது.