சாவி கையில், பூட்டு எங்கே?

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீள்கிறது திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. தமிழ்ப் பேச்சு இன்றும் இங்கே சகஜம். கையில் ஒரு சாவியோடு இந்த நெரிசலில் நுழைகிறார் ஒருவர். பொருந்தும் பூட்டு எந்தக் கடையில் தொங்குகிறது என்று தெரியாது. என்ன செய்வார்? சந்து சந்தாக அலைவார்.

உடலில் டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் பிழைப்பும் இதுதான். ஒரு குறிப்பிட்ட கிருமியை இனம் காணும் செல், லட்சத்தில் ஒன்று இருந்தால் அதிகம். 2002இல் கலிபோர்னிய விஞ்ஞானிகள் எலியின் நிணநீர்க் கணுவுக்குள் அவற்றைப் பின்தொடர்ந்தனர். நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான் வேகம். நடையோ குடிகாரன் நடை. தள்ளாட்டத்துக்கும் கணக்கு உண்டு: இரு மடங்கு தூரம் விலக நான்கு மடங்கு நேரம்.

கணுவில் கிருமியைக் கண்டுகொண்ட செல்கள் பெருகி, தொற்றுள்ள உறுப்புக்கு விரைகின்றன. அங்கும் தேடல்தான். டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி தாக்கிய எலி மூளையில் 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு கண்டது வேறு நடை. பல சிற்றடிகள், எப்போதாவது ஒரு நீண்ட பாய்ச்சல். கணிதத்தில் இதற்கு லெவி நடை என்று பெயர். ஒரு சந்தை அலசிவிட்டு, ஆட்டோ பிடித்து மறுகோடிக்குப் போய் அலசுவது போல (சாலையில் ஆட்டோ நகர்ந்தால்!). அரிதான இலக்கைத் தேடுவதில் இது குடிகார நடையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் திறமையானது என்றது கணித மாதிரி.

சிஎக்ஸ்சிஎல்-10 என்ற வேதிப்பொருள் செல்களின் வேகத்தைக் கூட்டுகிறது, நடையின் பாணியை மாற்றுவதில்லை. அதைத் தடுத்தபோது செல்கள் மெதுவாயின. மூளையில் ஒட்டுண்ணிகள் பெருகின.