அடி பம்பு சொல்லும் பாடம்

யந்திரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், இல்லையா? மின்சாரம் நின்றால் மூன்றும் மௌன விரதம் பூண்டுவிடும். ஆனால் மின்சாரம் கேட்காமல், எண்ணெய்ச் செலவும் வைக்காமல் நம் வீட்டில் அடக்கமாக உழைக்கும் யந்திரங்கள் எத்தனையோ உண்டு. பாக்குவெட்டி ஒரு யந்திரம். அரிவாள்மணை ஒரு யந்திரம். கிணற்று ராட்டினமும் அப்படியே. "இதெல்லாமா யந்திரம்?" என்று சிரிக்காதீர்கள். எளிய யந்திரங்கள் என்று விஞ்ஞானிகள் போடும் பட்டியலில் இருப்பவை ஆறே ஆறுதான்: நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு.

நெம்புகோலின் மகிமையைக் காணத் திருவான்மியூர்ப் பக்கம் போனால் போதும். மருந்தீசுவரர் கோயிலிலிருந்து கிழக்கே கடல் வரை மணற்பாங்கான பூமி. பெய்கிற மழை மணலில் இறங்கி அடியில் தங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடக் கனம் குறைந்தது. ஆகவே உப்பு நீரின் மேல் அது மெத்தை விரித்தாற்போல் மிதந்து நிற்கும். அதிக ஆழம் போகாமலே தண்ணீர் கிடைத்துவிடுகிறதா, பிறகு என்ன? ஒரு குழாயை இறக்கு, மேலே அடி பம்பை மாட்டு!

அடி பம்பின் கைப்பிடி ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? பிடியைத் தாங்கும் அச்சாணியிலிருந்து உங்கள் கை இருக்கும் தூரம் அதிகம். உள்ளே தண்டைத் தூக்கும் முனையின் தூரம் குறைவு. இது எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோ பாரத்தைத் தூக்க, உராய்வைத் தள்ளிவிட்டால், 5 கிலோ அழுத்தம் கொடுத்தால் போதும். நீண்ட கோலும் அதை ஊன்ற ஓர் இடமும் கிடைத்தால் பூமியையே அசைத்துக் காட்டுவதாக ஆர்க்கிமிடீஸ் சொன்னாராம். நாம் குடம் நிறைந்தால் திருப்திப்படுகிறோம்.

ஆனால் இயற்கை கணக்கில் கறாரான மளிகைக் கடைக்காரர் மாதிரி. தண்டு 5 அங்குலம் உயர, உங்கள் கை 40 அங்குலம் இறங்க வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டிவிடவேண்டும். யந்திரத்தால் இயற்கையை ஏமாற்ற முடியாது என்பதை 1600-ஆம் ஆண்டை ஒட்டிக் கலிலியோ தெளிவாக எழுதி வைத்தார். மொத்த வேலை குறைவதில்லை. நம் உடம்பு தாங்கும் அளவுக்கு அதைப் பங்கு போட்டுத் தருவதுதான் யந்திரத்தின் உதவி.

கிணற்று ராட்டினம் வேறு ரகம். ஒற்றை ராட்டினம் பாரத்தைக் குறைப்பதே இல்லை. பத்துக் கிலோ வாளிக்குப் பத்துக் கிலோ இழுப்புத்தான். பின் எதற்கு அது? குனிந்து மேலே தூக்குவதற்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று கீழே இழுக்கலாம். நம் உடம்பின் எடையே துணைக்கு வருகிறது. இடுப்பு பிழைக்கிறது!

நம் சென்னைக்குப் பெருமை தரும் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்காகச் செய்த வார்ப்பிரும்புப் பம்புகளைக் கிராமத்துத் தெருவில் நட்டு, ஊரே நாள் முழுதும் அடித்தால் என்ன ஆகும்? உடைந்து நின்றன. 1970-களில் மத்திய அரசும் யுனிசெஃபும் சென்னையிலிருந்த ரிச்சர்ட்ஸன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து, உறுதியான எஃகுப் பம்பு ஒன்றை உருவாக்கின. கோயம்புத்தூர் வட்டாரத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'இந்தியா மார்க் 2' என்று பெயர் பெற்ற அந்தப் பம்பு, பல லட்சக்கணக்கில் பெருகிக் கடல் கடந்தும் போயிற்று. உறிஞ்சும் பம்பு சுமார் 7 மீட்டர் ஆழத்துக்கு மேல் திணறும். இதிலோ உருளை தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் ஆழமான கிணற்றிலிருந்தும் ஏற்றித் தருகிறது.

பம்பு வந்தது சரி, அதை ரிப்பேர் செய்வது யார்? "ஆள் வரவில்லை" என்று பெண்கள் வெறுங்குடத்துடன் காத்திருந்ததுதான் பல ஊர்களின் கதை. 1990-களில் உத்தரப் பிரதேசத்துப் பாந்தா மாவட்டத்தில் கிராமத்துப் பெண்கள் ஸ்பானரைக் கையில் எடுத்தார்கள். பம்பைக் கழற்றிப் பழுது பார்க்கக் கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். தண்ணீர் சுமப்பவளுக்குத் தண்ணீர் தரும் யந்திரமும் புரிந்துவிட்டால், அவள் யாருக்காகவும் காத்திருக்கவேண்டியதில்லை அல்லவா?

மின்மோட்டார் வந்தபின் கை வலி போயிற்று. ஆனால் வேறொரு வலி வந்தது. அடி பம்பு அடிக்கிறவர் களைத்தால் நின்றுவிடும். மோட்டாருக்குக் களைப்பு ஏது? அளவின்றி இறைத்தால் மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் தீர்ந்து, அடியிலிருக்கும் உப்பு நீர் மேலேறுகிறது. கடலோரத்தில் இந்த ஆபத்து கூடுதல். மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியதன் அருமை இங்கேதான் புரிகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, வண்ண வண்ணக் குடங்கள் லாரிக்காகத் தவம் கிடந்ததை நாம் மறந்துவிடலாமா?

கடைசியாக, உங்கள் அடுக்குமாடி வாசலைப் பாருங்கள். படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை இருக்கிறதா? அதுதான் சாய்தளம். சக்கர நாற்காலிக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு ஏறிவிடும்; பாட்டியின் நாற்காலி ஏறாது. அடுத்த குடியிருப்போர் கூட்டத்துக்கு ஓர் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது!