வேரும் பட்டையும் – 11: நுரைக்கும் மரம்

நாலு பூந்திக்கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் ராத்திரி வெந்நீரில் போட்டு வைத்தேன். காலையில் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. தோல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. வடிகட்டி ஒரு பாட்டிலில் பாதிவரை ஊற்றிக் குலுக்கினேன். கழுத்துவரை நுரை. குளித்து, சாப்பிட்டு, பேப்பரை மூலைவிடாமல் படித்துவிட்டு வந்து பார்த்தால் நுரை பாதிகூட இறங்கவில்லை. மருந்தியல் மாணவர்கள் செய்யும் எளிய சோதனை இதுதான். சாற்றைக் குலுக்கு, நுரை நின்றால் ‘சாப்போனின் இருக்கிறது’ என்று நோட்டில் எழுது. நகைப்பட்டறையில் சங்கிலி கழுவ இந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்திருக்கும் ஆசாரிக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: “எதிர்ப்புச் சக்தி கூட எந்த மூலிகை நல்லது?” கொரோனா விட்டுப்போன பழக்கம் இது. அன்றைக்குக் கபசுரக் குடிநீர்ப் பொடி விற்ற கடையில் இன்றைக்கு ஸ்பைருலினா மாத்திரை, சீந்தில் சாறு, கடல்பாசிக் காப்ஸ்யூல் என்று ஓர் அலமாரியே நிற்கிறது. எல்லா டப்பாவிலும் ஒரு கேடயம் படம்.

என் பதில் பலருக்குக் கசக்கும். செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் மனிதரின் எதிர்ப்பாற்றலை உசுப்பிவிடுகிறது என்று சொல்ல, ஆயிரமாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்த சான்று வேண்டும். அப்படிச் சான்றுள்ளவை என்று தேடினால் என் கைக்கு முதலில் வருவது சாப்போனின்தான். அதுவும் டப்பாவில் வருகிற சங்கதி இல்லை. தடுப்பூசி மருந்தோடு கலந்து, கண்ணுக்கே தெரியாத அளவில், தோள் தசைக்குள் போகிறது. பிறந்த இடம் நம் ஊர் பூந்திக்கொட்டை அல்ல. அதற்குச் சிலி நாட்டுக்குப் போகவேண்டும்.

மிளகாய்ப்பழம் போல நீண்டு கிடக்கும் அந்த நாட்டின் நடுப்பகுதியில், குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியுமாக இருக்கும் மலைச்சரிவுகளில் வளர்கிறது கியாய் என்ற பசுமைமாறா மரம். அதன் பட்டையை ஊறவைத்துத் துணியும் தலையும் அலசுவது அங்குள்ள மாபுச்சே மக்களின் பழைய வழக்கம். 1782-இல் சிலியைச் சேர்ந்த ஏசுசபைப் பாதிரியார் மொலினா அதற்குக் ‘கில்லாஜா சாப்போனாரியா’ என்று லத்தீன் பெயர் வைத்தார். பின்பாதியில் இருப்பது சோப்புதான். 19-ஆம் நூற்றாண்டில் பட்டை ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பனாமா வழியாக வந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் ‘பனாமா மரம்’ என்றார்கள். பனாமாவில் அந்த மரமே கிடையாது. நாமும் கப்பலில் வந்ததற்கெல்லாம் முன்னால் ஒரு ‘சீமை’யை ஒட்டினவர்கள்தானே.

பட்டைச் சாறு எங்கெங்கோ நுழைந்தது. ரூட் பீர் என்ற அமெரிக்கக் குளிர்பானத்தின் நுரை, செப்பு ஆலைகளில் அமிலப் புகை எழாமல் தொட்டியின் மேல் போர்த்தும் நுரை எல்லாம் இதன் கைங்கரியம். ஐரோப்பாவின் உணவுச் சேர்க்கைப் பட்டியலில் இதற்கு 999 என்று எண் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பானத்தில் குடித்தார்கள். அதனால் எதிர்ப்பாற்றல் கூடியது என்று விளம்பரக்காரர்கூடச் சொல்லவில்லை.

சாப்போனின் ஊசிக்குள் நுழைந்த கதை தொடங்குவது ஒரு குதிரை லாயத்தில். பாரிசுக்குப் பக்கத்தில் பாஸ்டர் நிறுவனத்தின் கிளையில் காஸ்டன் ரமோன் என்ற கால்நடை மருத்துவர் வேலை பார்த்தார். தொண்டை அடைப்பான் நோய்க்கு அப்போது குதிரை ரத்தத்திலிருந்து முறிவு மருந்து எடுத்தார்கள். நோயின் நஞ்சைப் பதப்படுத்திக் குதிரைக்குப் போடுவார்கள். குதிரையின் உடம்பு முறிவைத் தயாரிக்கும். ரமோன் ஒன்றைக் கவனித்தார். ஊசி போட்ட இடம் பழுத்துச் சீழ் பிடித்த குதிரைகளின் ரத்தத்தில் முறிவு கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் வேண்டுமென்றே அந்த இடத்தைக் கொஞ்சம் புண்படுத்தினால் என்ன? கையில் கிடைத்ததையெல்லாம் ஊசி மருந்தில் கலந்தார். ரொட்டித் தூள், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், மரவள்ளி மாவு, சாப்போனின். மரவள்ளி மாவு என்றால் சேலத்து ஜவ்வரிசிக்கு மூலப்பொருளாக இருக்கிறதே, அதேதான். பலித்தது. 1925-இல் எழுதி வெளியிட்டார். நோபல் பரிசுக்கு நூறு தடவைக்கு மேல் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

தடுப்பூசியில் இப்படிச் சேர்க்கும் துணைப்பொருளைத் தூண்டி என்று சொல்லலாம். ஏன் தேவைப்படுகிறது? ஊருக்குள் புது ஆள் ஒருவன் வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவன் வந்த அதே நேரத்தில் ஒரு வீட்டுக் கதவு உடையும் சத்தம் கேட்டால் ஊரே திரண்டு அவன் முகத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். சுத்தப்படுத்திய கிருமித் துணுக்கு அந்தப் புது ஆள். தூண்டி கதவை உடைக்கிறது. இது ஏன் பலிக்கிறது என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. 1989-இல் அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் சார்லஸ் ஜேன்வே, இது நம் துறை வெளியே சொல்லக் கூச்சப்படும் ரகசியம் என்கிற பொருளில் எழுதி எல்லாரையும் நெளிய வைத்தார்.

சாப்போனின் எப்படிக் கதவை உடைக்கிறது? அதன் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் கொழுப்பில் ஒட்டும், மறுபக்கம் சர்க்கரைச் சங்கிலி. அது தண்ணீரில் ஒட்டும். சோப்பின் அமைப்பும் இதுதான். நம் செல்களின் உறையில் இருக்கும் கொலஸ்டிராலைக் கண்டால் இது அதைப் பற்றிக்கொண்டு உறையை ஓட்டையாக்கிவிடும். மீன் வளர்ப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். குட்டையில் குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களை ஒழிக்க ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போடச் சொல்வார்கள். பிண்ணாக்கின் சாப்போனின் செவுள் வழியே ரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்களை உடைக்க, மீன்கள் மிதக்கும். கிராமத்தில் தலைக்குத் தேய்த்துக் குளித்த அதே பிண்ணாக்குதான். மேலே பூசினால் அழுக்கு போகும், ரத்தத்தில் கலந்தால் உயிர் போகும். இதைத் தடுப்பூசியில் போடத் துணிந்தவர்களுக்கு நெஞ்சுரம் வேண்டும்.

துணிந்தது மாட்டு டாக்டர்கள். 1950-களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவில் கோமாரித் தடுப்பூசியில் சாப்போனினைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1974-இல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் டால்ஸ்கோர் கியாய்ப் பட்டைச் சாற்றைச் சுத்திகரித்து ‘குயில் ஏ’ என்ற கலவையைத் தந்தார். மாட்டுக்கு அது போதும். மனிதருக்குப் போட முடியாத அளவு உக்கிரம். அமெரிக்காவில் சார்லட் கென்சில் குழுவினர் அந்தக் கலவையைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். கருவி வரைந்த கோட்டில் மலைத்தொடர் போல வரிசையாக முகடுகள். ஒவ்வொரு முகடும் ஒரு சாப்போனின். 18-ஆம் முகடுதான் அதிகம் கிடைத்தது, ஆனால் எலிகளைக் கொன்றது. 21-ஆம் முகடு நன்றாகத் தூண்டியது, நஞ்சும் குறைவு. 1991-இல் ஆய்வுக்கட்டுரை வந்தபோது அதன் பெயரே கியூ.எஸ்.-21 ஆகிவிட்டது. மரத்தின் பெயர்ச் சுருக்கம், கூடவே முகட்டின் எண்.

அதற்குப் பிறகும் மனித உடம்பின் கொலஸ்டிராலைத் தொடவிடாமல் அடக்க ஒரு வழி தேவைப்பட்டது. வழி எளிமையானது. அது தேடும் கொலஸ்டிராலை முன்னதாகவே கொடுத்துவிடுவது. கொழுப்புக் குமிழ்களில் கொலஸ்டிராலைச் சேர்த்து அதில் கியூ.எஸ்.-21-ஐக் கட்டிப்போட்டார்கள். கூடவே ஒரு பாக்டீரியாவின் உறையிலிருந்து எடுத்த கொழுப்பையும் சேர்த்தார்கள். ஊசி போட்டதும் இந்தக் கலவை பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அங்கே காவல் இருக்கும் விழுங்கணுக்கள் இதை உள்ளே இழுத்துக்கொண்டு அவதிப்படுகின்றன. அந்த அவதியில் அவை எழுப்பும் கூக்குரல்தான் நமக்குக் காய்ச்சல், தோள்வலி, அசதி. சில நாளில் அடங்கிவிடும். அதற்குள் ஊர் முகத்தை மனப்பாடம் செய்து முடித்திருக்கும்.

பலன் எவ்வளவு என்று காட்ட அக்கியைவிட நல்ல உதாரணம் இல்லை. என் பெரியம்மாவுக்கு 63 வயதில் அக்கி வந்தது. வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். அவர் காவிக்கல்லை இழைத்து, இறகால் விலாவில் கொப்புளங்களைச் சுற்றி ஒரு சிங்கம் எழுதினார். காவி காய்ந்து உதிர்ந்தது, கொப்புளமும் காய்ந்தது. வலி போகவில்லை. இரண்டு வருஷம் சேலை முந்தானை உரசினால்கூடத் துடிப்பார். சின்ன வயசில் வந்த அம்மை நரம்பில் ஒளிந்திருந்து, வயதாகி எதிர்ப்பு தளர்ந்த சமயம் பார்த்து வெளியே வருவதுதான் அக்கி. தளர்ந்த உடம்பைத் தட்டி எழுப்புவது லேசான காரியமல்ல. உயிருள்ள வைரஸைக் கொண்டு செய்த பழைய தடுப்பூசி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதியளவுதான் காத்தது. வைரஸின் ஒரே ஒரு புரதமும் 50 மைக்ரோகிராம் கியூ.எஸ்.-21 கொண்ட கலவையும் சேர்ந்த ஷிங்ரிக்ஸ், 50 தாண்டியவர்களிடம் 97 சதவீதமும், 70 தாண்டியவர்களிடம் 90 சதவீதத்தை ஒட்டியும் காத்தது. அமெரிக்காவில் 2017-இல் அனுமதி, இந்தியாவில் 2023-இல் விற்பனை. இலவசமாக எதுவும் வரவில்லை. சோதனையில் ஊசி போட்டவர்களில் 17 சதவீதத்தினருக்கு அன்றாட வேலையே முடங்கும் அளவு வலியோ காய்ச்சலோ வந்தது. பெரியம்மாவின் இரண்டு வருஷத்தை நினைத்தால் நான் அந்த ஒரு நாளைத் தயங்காமல் வாங்கிக்கொள்வேன்.

ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முதல் மலேரியா தடுப்பூசியிலும் இதே தூண்டிதான், பாதி அளவில். 2023-இல் பரிந்துரைத்த இரண்டாவதை ஆக்ஸ்போர்டு வடிவமைக்க, புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. அதிலும் கியாய்ச் சாப்போனின், வேறு வடிவத்தில். நம்மில் கோவோவாக்ஸ் என்ற கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் இந்தச் சிலி மரத்தை ஏற்கெனவே தோளில் வாங்கியவர்கள்.

பாசியை மறந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். மண்டபம் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற பாசியிலிருந்து காராஜீனன் என்ற கூழ்ப்பொருள் கிடைக்கிறது. ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்துவதும் பற்பசையைக் குழைவாக வைத்திருப்பதும் அந்த வகைதான். வெளியே அப்பாவி. 1962 முதல் மருந்து ஆய்வகங்களில் அதற்கு இன்னொரு வேலை உண்டு. ஒரு சதவீதக் கரைசலை 0.1 மில்லி எலியின் பின்னங்காலில் ஏற்றினால் மூன்று மணி நேரத்தில் கால் கொழுக்கட்டையாய் வீங்கும். வீக்கத்தை எந்த மருந்து குறைக்கிறது என்று அளப்பார்கள். நம் கல்லூரிகளில் நொச்சியும் தழுதாழையும் இந்தச் சோதனையைக் கடந்துதான் ஆய்வேட்டில் ஏறுகின்றன. பாசிப்பொருள் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பும் என்பது உண்மைதான். உசுப்பினால் இப்படித்தான் இருக்கும், கால் வீங்கும். தினமும் காலையில் இரண்டு காப்ஸ்யூல் போட்டு உங்கள் எதிர்ப்பாற்றல் உண்மையிலேயே எழுந்து நின்றால் உங்களுக்குத் தினமும் காய்ச்சல் அடிக்கவேண்டும். அடிக்கவில்லை என்பதே ஒரு ஆறுதல்.

மறுபடி மரத்துக்கு வருவோம். ஒரு கிராம் கியூ.எஸ்.-21 இருந்தால் 20,000 ஊசிக்கு வரும். ஆனால் பட்டையில் அது துளித்துளியாகத்தான் இருக்கிறது, முற்றிய மரத்தில்தான் நன்றாகக் கிடைக்கிறது. நின்ற மரத்தைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். இப்போது வனத்துறை அனுமதியோடு கிளைகளைக் கழிக்கிறார்கள், வெட்டிய அடிமரத்தைத் துளிர்க்க விடுகிறார்கள். நடுச் சிலியிலோ 2010-இலிருந்து விடாத வறட்சி. மரத்தை விட்டுவிட்டு ஆய்வகத்தில் கட்டலாமே என்று அமெரிக்காவில் வேதியியலாளர் டேவிட் ஜின் முயன்று ஜெயித்தார். எழுபதுக்கும் மேற்பட்ட படிகள். தொழிற்சாலைக்கு ஆகாது.

இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆன் ஆஸ்போர்ன் குழுவினர், மரம் எந்தெந்த ஜீன்களைக் கொண்டு இதைச் சமைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜே கீஸ்லிங், முன்பு மலேரியா மருந்தான ஆர்டிமிசினினுக்கு வேண்டிய அமிலத்தை ஈஸ்டைக் கொண்டு சுரக்கவைத்தவர், அவர்களோடு சேர்ந்தார். ஆறு உயிரினங்களிலிருந்து 38 ஜீன்கள் ஈஸ்டுக்குள் போயின. இட்லி மாவு பொங்கும்போது அதில் பெருகியிருக்கும் ஈஸ்டுகளின் உறவுக்காரன்தான் அந்த ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று கியூ.எஸ்.-21-ஐ முழுசாகச் செய்து கொடுத்தது. 2024 மே மாதம் முடிவு வெளியானது. ஒரு லிட்டர் ஈஸ்ட் குழம்பிலிருந்து மூன்று நாளில் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். அக்கித் தடுப்பூசி ஒருவருக்கு இரண்டு தவணை, தவணைக்கு 50. ஆளுக்கு ஒரு லிட்டர் கணக்கு. சிலியில் இன்னும் கோடரியை மூட்டைகட்டி வைக்கவில்லை.

(தொடரும்)