யன்னலோரக் கட்லியா

எங்கள் வீட்டில் முற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரைக்கு வந்த உம்மம்மா, பல வருடங்கள் ஓலைக் கொட்டிலில் இருந்த பிறகு கட்டிய வீடு இது. இரண்டு அறைகள், ஒரு குசினி, கிழக்குப் பார்த்த ஒரு யன்னல். ஊரில் அவவிடம் மல்லிகைப் பந்தல் இருந்ததாம். "இங்க எந்த மண்ணில செடி வைக்கிறது?" என்று அடிக்கடி கேட்பா.

மண்ணே வேண்டாத செடி இருப்பதை நான் கண்டது பாடசாலைச் சுற்றுலாவில், பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஓர்க்கிட் மனையில்தான். திரும்பும் வழியில் ஒரு கட்லியாச் செடி வாங்கி வந்து உம்மம்மாவிடம் கொடுத்தேன்.

கட்லியாவின் சொந்த இடம் மத்திய, தென் அமெரிக்கக் காடுகள். இங்கிலாந்தில் இதை வளர்த்துப் பூக்கவைத்த வில்லியம் கட்லியின் பெயரையே தாவரவியலாளர் ஜோன் லின்ட்லி இதற்குச் சூட்டினார். மரக்கிளையைப் பற்றி வளர்ந்தாலும் இது ஒட்டுண்ணி அல்ல. மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சாது. வேரைச் சுற்றியுள்ள வெள்ளைப் படலம் மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சும். இலைக்குக் கீழே தடித்திருக்கும் தண்டு அந்த நீரைச் சேமிக்கும். ஆகவே இதன் வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும்.

முதல் வருடமே செடி சாகப் பார்த்தது. சட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தது. வேர் நுனிகள் கறுத்தன. குற்றம் எங்கள் கிணற்று நீரில் இருந்தது. நமது கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவரும் சுண்ணாம்பும் உண்டு. நமக்குப் பழகிய அந்த நீர் ஓர்க்கிட்டின் வேருக்கு ஆகாது. அன்று முதல் மாரிமழையைப் பீப்பாயில் பிடித்து, நுளம்பு முட்டையிடாதபடி இறுக மூடி வைக்கிறோம். தேங்காய் மட்டையிலும் உப்பு இருக்கும். அதனால் மட்டைத் துண்டுகளைச் சில நாட்கள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, சிரட்டைக் கரியோடு கலந்து சட்டியில் இடுகிறோம். சட்டி நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி தண்ணீர்.

வெளிச்சம் போதுமா என்பதை இலையே சொல்லும். கரும்பச்சையானால் வெளிச்சம் குறைவு; பூக்காது. மஞ்சள் கலந்த இளம்பச்சையே சரி. சுட்ட தழும்பு தெரிந்தால் வெயில் அதிகம். யன்னலில் மெல்லிய சீலை ஒன்று கட்டினோம்.

மூன்றாம் வருடம் உள்ளங்கையைவிடப் பெரிய ஊதாப் பூ இரண்டு விரிந்தன. உம்மம்மா அயல்வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினா.

ஆனால் பெரிய கட்லியா முழங்கை உயரத்துக்கு மேலும் வளரும். ஒரு யன்னலில் இரண்டு வைத்தாலே நெருக்கடி. சிறிய உருவமும் பெரிய பூவும் சேர்ந்த செடி கிடைக்குமா? அதற்குத்தான் கலப்பினம். மத்திய அமெரிக்காவில் கடலோரக் கண்டல்களிலும் வளரும் பிரசவோலா நொடோசா என்ற ஓர்க்கிட் சிறியது, வெக்கையைத் தாங்குவது, இரவில் மணப்பது. கட்லியாவோடு இனங்கலக்கவும் கூடியது. எங்கள் உயிரியல் ஆசிரியையின் வீட்டில் அது இருந்தது.

காய் சுமப்பது செடிக்குப் பெரும் பாரம். எங்கள் செடியில் நான்கு தண்டுகள்தான். அதனால் எங்கள் பூவிலிருந்து மகரந்தம் மட்டும் எடுத்தோம். பூவின் நடுத்தூணின் நுனியிலுள்ள சிறு மூடியைப் பற்குச்சியால் நீக்கினால் மஞ்சள் மெழுகுபோன்ற மகரந்தக் கட்டிகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரசவோலாப் பூவின் தூணுக்கு அடியிலுள்ள பசையான குழியில் வைத்தேன். சில நாட்களில் பூ வாடியது. காம்பு பருக்கத் தொடங்கியது. நாளையும் பெற்றோர் பெயர்களையும் எழுதிக் கட்டிவிட்டேன்.

இனிப் பொறுமைதான். காய் முற்றப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் தூள்போன்ற விதைகள் எண்ணற்றவை இருக்கும்; ஆனால் அவற்றில் சேமித்த உணவு இல்லை. காட்டில் ஒரு பூஞ்சணத்தின் உதவியோடுதான் முளைக்கும். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சீனி கலந்த அகார் கூழில் பூஞ்சணமின்றியே முளைக்கவைக்கும் முறையை வெளியிட்டார். கிருமி நீக்கிய போத்தலில் அந்த முறையைத்தான் ஆசிரியையோடு முயலப்போகிறேன். முளைத்தாலும் முதற் பூவுக்கு ஐந்து முதல் ஏழு வருடங்கள் செல்லலாம்.

உம்மம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இந்தக் கணக்கை அவவிடம் சொல்லத் தயங்கித்தான் சொன்னேன். காய்க்குக் கட்டியிருந்த துண்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மாரி வருது புள்ள, பீப்பாயக் கழுவி வை" என்றா.

கழுவி வைத்திருக்கிறேன்.