அலரி

வளவின் வேலியோரத்திற் கவனிப்பாரற்று நின்றாலும் ஆண்டு முழுவதும் பசுமை குன்றாதிருப்பது அலரி. அதன் இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்டுளைகள் மயிரடர்ந்த சிறு குழிகளுக்குள் ஒதுங்கியிருப்பதால், வெங்காற்றினால் நீரிழப்பது குறைவு. உவர்க்காற்றையும் அது பொறுக்கும். 1945இல் அணுகுண்டால் அழிந்த கிரோசிமா நகரம், அவ்வழிவின் பின் முதலில் மலர்ந்த செடியென்று போற்றி, 1973இல் அலரியைத் தன் நகர மலராக்கிற்று.

முற்றிய கொப்பை ஒரு சாண் அளவில் வெட்டி, மாரி தொடங்கும்போது நட்டால் வேர்விடும். நீர் தேங்காத நிலமும் நல்ல வெயிலும் வேண்டும். நிழலில் நின்றால் உயருமேயன்றிப் பூப்பது அரிது. புதுக் கிளைகளின் நுனியிலேயே பூங்கொத்து வருமாதலின், பூத்தோய்ந்தபின் கத்தரித்தல் நன்று. பசளையை வாரியிறைக்க வேண்டியதில்லை.

கத்தரித்த கொப்புகளை எங்கே போடுவது என்பதே பெரிய கேள்வி. இலை, பூ, பட்டை, வேர் யாவும் நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைப்பது. உலர்ந்தாலும் அந்நஞ்சு நீங்காது. பச்சையிலையை ஒதுக்கும் ஆடுமாடுகள் வாடிய தழையைத் தின்றுவிடுவதுமுண்டு. எரித்தாற் புகையும் தீது. ஆழப் புதைத்தலே தக்கது. வெட்டியவர் கைகளை நன்கு கழுவ வேண்டும். ஆட்டுப்பட்டியருகே வேலி வேண்டுவோர் அலரியை விடுத்துச் சீமைக்கிளுவை நடலாம். அதன் தழை ஆட்டுக்கு உணவுமாகும்.