கணக்கில் வராத கண்ணி

2021 பிப்ரவரி 15 அதிகாலையில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநில மின்தொகுப்பு அடியோடு முடங்கிப்போக 4 நிமிடம் 37 விநாடிகளே பாக்கி இருந்தன. அதைத் தடுக்க, தொகுப்பை நிர்வகிக்கும் எர்காட் அமைப்பு ஊர் ஊராக மின்சாரத்தைத் துண்டித்தது. சுமார் 45 லட்சம் இணைப்புகள் இருண்டன. மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். எரிவாயு கொழிக்கும் மாநிலம் விறைத்துப்போனதற்குப் பனிப்புயலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எது எதை நம்பி ஓடுகிறது என்று அரசு கணக்கெடுக்காததே பெரிய கோளாறு.

அங்கே மின் உற்பத்திக்கு முதன்மை எரிபொருள் எரிவாயு. வாயுவோடு வரும் நீர் கிணற்றுவாயிலும் வால்வுகளிலும் உறைந்ததால் வரத்து சரிந்தது. வாயுவைக் குழாயில் உந்தும் கம்ப்ரசர்கள் பலவும் மின்சாரத்தில் ஓடுபவை. மின்வெட்டிலிருந்து விலக்கு கேட்டு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தால் அவற்றின் இணைப்பு தப்பியிருக்கும். பல நிறுவனங்கள் கொடுக்கவில்லை. கொடுத்தே தீர வேண்டும் என்ற விதியும் இல்லை. மின்சாரம் போய் வாயு நின்றது, வாயு நின்று மின்நிலையங்கள் அணைந்தன. மின்சாரத்துக்கு ஓர் ஆணையம், எரிவாயுவுக்கு 'ரயில்ரோடு கமிஷன்' என்ற பழைய பெயரில் இன்னொன்று. இரண்டையும் இணைக்கும் கண்ணி எவர் கோப்பிலும் இல்லை.

அதே ஆண்டு ஜூனில் வந்த சட்டம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. இரு துறைகளும் சேர்ந்த ஒரு குழு, மின்சாரத்துக்கு ஆதாரமான கட்டமைப்பு முழுவதையும் வரைபடமாக்க வேண்டும், குளிர்காப்பு கட்டாயம், மீறினால் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம்.

எப்போதோ வரும் பனிக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். 2011 பிப்ரவரியிலும் இதே மாநிலத்தில் குளிரால் மின்வெட்டு வந்தது. ஒன்றிய அரசின் எரிசக்தி ஆணையம் அப்போதே விரிவான அறிக்கை தந்து குளிர்காப்பை வலியுறுத்தியது. அது வெறும் பரிந்துரை என்பதால் பலரும் பொருட்படுத்தவில்லை. பத்தாண்டில் இரண்டு முறை வந்ததை அபூர்வம் என்று தள்ள முடியாது. வரைபடம் நாசவேலைக்காரர்கள் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. டெக்சஸ் அதை ரகசியமாகவே வைத்திருக்கிறது. ஆனால் எத்தனை நிலையங்கள் சோதனையில் தவறின, குறைகளைக் களையக் கெடு எது என்பதை மறைக்கப் பாதுகாப்பு காரணம் ஆகாது. ஆய்வறிக்கை 2011இலேயே இருந்தது. அதை நிறைவேற்ற வைக்கும் விதிதான் இல்லை. இனி எந்த மாநிலம் இப்படி ஆய்வு தொடங்கினாலும், துறைகளுக்கு இடையிலான சார்பையும் கணக்கில் சேர்த்து, முடிவுகளுக்குச் சட்டத்தின் பலத்தையும் தர வேண்டும்.