பழங்கத்தியும் பிடியும்

புதுச்சேரி, பழமையைப் பேணுவதில் ஊக்கமுடைய நகரம். கடற்கரையை அடுத்த தெருக்களில் உள்ள பழைய மாளிகைகள் பல, தம் தோற்றம் குன்றாமல் செப்பனிடப்பெற்றுள்ளன. 2014 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மழையால் இடிந்து வீழ்ந்த 'மேரி' என்னும் நகராட்சி மாளிகையும் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பெற்றது. பழையதைச் செப்பனிடுவோர் அதன் இயல்பை அழித்தலாகாது என்பது மாளிகைக்கு மட்டும் உரிய விதியன்று. கையில் அடங்கும் சிறு பொருளுக்கும் அதுவே விதி. இதனை மடக்குச் சவரக்கத்தி ஒன்றைக்கொண்டு அறிவோம்.

1903 ஆம் ஆண்டில் ஜில்லெட் என்பவரின் காப்புச் சவரக்கருவி விற்பனைக்கு வருமுன், மேல்நாட்டினர் பெரிதும் மடக்குக் கத்தியாலேயே முகம் மழித்தனர். பிரான்சு நாட்டின் தியேர், இங்கிலாந்தின் ஷெபீல்டு, ஜெர்மனியின் ஜோலிங்கன் ஆகிய ஊர்கள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. எஃகு அலகும், அதனை உள்ளே மடக்கிக் காக்கும் இரண்டு மெல்லிய ஏடுகளாலாகிய பிடியும், அவற்றை இணைக்கும் சிறிய தறையாணிகளுமே இக்கத்தியின் உறுப்புகள்.

அலகின் பகை துரு. உப்புக்காற்று வீசும் புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் அது விரைந்து பற்றும். ஆனால் எஃகு சிறிது தேய்ப்பைத் தாங்கும், பிடியோ தாங்காது. ஆதலின், கத்தியைத் தொடுமுன் பிடி எப்பொருளால் ஆயது என அறிதல் வேண்டும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் வலைபோன்ற நுண்கோடுகள் தோன்றும்; எலும்பில் சிறு கரும்புள்ளிகள் காணப்படும். தந்தம் நீரில் ஊறி உலர்ந்தால் வெடிக்கும். கொம்பு ஊறினால் கோணும். 1870 ஆம் ஆண்டையொட்டி வழக்கிற்கு வந்த செல்லுலாய்டு, தந்தத்தைப் போலவே தோன்றும். தேய்த்துச் சூடேற்றினால் கற்பூரம் மணக்கும். அது எளிதில் தீப்பற்றும். நாட்பட்டுச் சிதைந்தால் அமில ஆவியை வெளிவிடும். அலகு துருப்பிடிப்பதற்கு அதன் பிடியே காரணமாதலும் உண்டு! அத்தகைய பிடியைக் கழற்றித் தீக்கு அப்பால், காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைத்தல் நலம்.

துருவை நீக்குவோர் முதலில் கத்தியின் வாயை மூடிக் கட்டுவர். பிடியையும் துணியால் சுற்றுவர். பின்னர், துருவின்மேல் சிறிது எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பர். விரைவை விரும்பிச் சுழலும் சாணையில் வைத்தலாகாது. சூடேறி அலகில் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் கெடும். செய்தவரின் முத்திரையும் அழியும். ஆணியை இழுத்துப் பிடுங்குதலும் தவறு. பிடியின் மிக மெலிந்த இடம் ஆணித்துளையே. கழற்றியே ஆகவேண்டுமாயின், ஆணியின் தலையை அரத்தால் சிறிது சிறிதாக அராவி நீக்குவர். புதிய பித்தளை ஆணியை இறுக்கும்பொழுதும் சிறு சுத்தியால் மென்மையாகத் தட்டுவர். மிகை இறுக்கம் ஏட்டைப் பிளந்துவிடும்.

இத்துணைப் பொறுமை எதற்கு? முத்திரை அழிந்தால் வரலாறு அழியும். இலண்டன் நகரத்துக் கத்தித் தொழிலறிஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், இந்திய எஃகைப் போற்றி அதனால் சவரக்கத்திகள் செய்தார். மைக்கேல் ஃபாரடேயுடன் கூடி 1820 ஆம் ஆண்டில் எஃகு பற்றிய ஆராய்ச்சியையும் வெளியிட்டார். இத்தகைய தொடர்புகளை நமக்கு உணர்த்த வல்லது கத்தியின் அடியில் உள்ள சிறு முத்திரையே. பிடியின் நிலையும் அத்தகையதே. யானைத் தந்தமும் கடலாமை ஓடும் இந்நாளில் சட்டத்தால் விலக்கப்பட்ட வாணிகப் பொருள்கள். பழம்பிடி உடைந்தால் அதற்கு ஈடு கிடையாது.

பழம்பொருளைப் புதியதுபோல் பளபளக்கச் செய்வது செப்பனிடுதல் ஆகாது. மேலும் கெடாமல் காத்து, அதன் முதுமையை மதிப்பதே செப்பனிடுதல். துருவின் வடு சிறிது எஞ்சினும் குற்றமில்லை. எங்கே தேய்க்க வேண்டும் என்பதோடு, எங்கே கையை நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்தவனே தேர்ந்த தொழிலாளன்.